சொல் தவறு

காசிமாயன் செத்த பிறகும் நாற்பது நிமிடம் கல் சுமந்தான்.

மாட்டியவனின் கைகாலைத் தானே இயக்கும் இரும்புச் சட்டை சுமக்க வைத்தது. பாறை உடைக்கும் வெட்டுமுகத்திலிருந்து லாரி மேடை வரைக்குமான தடம் அதற்கு மனப்பாடம். உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கும் பட்டை ஒன்று ஆரம்பத்தில் இருந்தது. வேர்வை பட்டால் பொய் சொல்கிறது, வேலை நிற்கிறது என்று கம்பெனி கழற்றிப் போட்டுவிட்டது. அதனால் அன்று பிற்பகல் காசிமாயனின் தலை தொங்கிய பிறகும் அவன் உடம்பு குனிந்தது, கைகள் கல்லெடுத்தன, கால்கள் நடந்தன. எதிரே வந்தவர்கள், "என்னண்ணே, நடந்துக்கிட்டே தூக்கமா?" என்று கேலி பேசிவிட்டுப் போனார்கள். ஷிஃப்ட் முடிந்து சட்டை திறந்தபோதுதான் ஆள் சரிந்து விழுந்தான்.

மூன்றாம் நாள் காலை கருங்கால்பட்டிக் குவாரி ஆபீசில், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் செவ்வந்தியின் மேசைக்கு ஒரு தாள் வந்தது. மேனேஜர் வரதன் கொண்டுவந்து வைத்தார்.

"தொழிலாளி காசிமாயன், எண் 001, தமது நிறுத்தச் சொல்லை மறந்துவிட்டார். மூன்று முறை தவறான சொல்லை அடித்தார். இயந்திரத்திலோ பதிவேட்டிலோ குறை ஏதும் இல்லை."

கீழே பதிவேட்டுப் பொறுப்பாளரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பதிவேட்டுப் பொறுப்பாளர் அவள்தான்.

"நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. மத்தியானத்துக்குள்ள போட்டுக் குடுத்துடு. அப்புறம், 001 பதிவுல யாரும் கை வைக்கக்கூடாது. விசாரணை முடியிற வரைக்கும் அந்த ஆள் ரெஜிஸ்டர்ல இருக்கணும்னு வக்கீல் சொல்லிட்டார்."

நிறுத்தச் சொல் வந்த கதை இது. முதலில் சட்டையின் மார்பில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் சட்டை நிற்கும். ஆட்கள் ஒன்றுக்குப் போகவும் தண்ணீர் குடிக்கவும் அழுத்தினார்கள். மனுசன் என்றால் அழுத்தத்தான் செய்வான். கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. பொத்தானைப் பிடுங்கிவிட்டு, மணிக்கட்டில் சின்னத் திரை வைத்தது. ஆளுக்கொரு சொல். அதை அடித்தால்தான் நிற்கும், அடித்தவன் பெயர் வாசலில் இருக்கும் பெரிய பலகையில் எல்லோரும் பார்க்க எரியும்: "நிறுத்தியவர்: இன்னார்." தொழிலாளி தன் சட்டையைத் தானே நிறுத்த வழி இருக்க வேண்டும், நிறுத்தியவன் சரி என்றால்தான் அது மறுபடி ஓட வேண்டும் என்பது சட்டம். அந்த வழியை இந்த அளவுக்குக் குறுக்க முடியும் என்பதைக் கம்பெனி கண்டுபிடித்தது. மூன்று முறை தவறாக அடித்தால் பத்து நிமிடம் திரை பூட்டிக்கொள்ளும். சட்டை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. காசிமாயனின் மனைவி அங்கம்மாள். மூன்று நாளாக வாசலைவிட்டு அவள் நகரவில்லை.

"ஏத்தா செவ்வந்தி, எங்க வீட்டுக்காரரு மறந்துட்டாருன்னு எழுதியிருக்கீகளாமே?"

"நான் எழுதலக்கா."

"கையெழுத்து ஒன்னோடதுதானாம்ல. வாட்ச்மேன் சொன்னாரு."

செவ்வந்தி தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தாளு மறக்குற சொல்லாத்தா அது? ரெண்டாவது கரண்டிய எடுக்கும்போதே போதும்பாரு. நான் வாயத் தொறந்தாலே போதும்பாரு. மூணாவதும் பொட்டையாப் பெறந்தப்ப, நர்சம்மா கேக்குறதுக்கு முன்னாடியே போதும்னாரு. எங்க வீட்டு நாய்க்குத் தெரியும் அந்தச் சொல்லு. அவரு மறந்தாராமா?"

அங்கம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் செவ்வந்திக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தாளை ஒதுக்கிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தாள். பழைய கணினி, அதில் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன டேட்டாபேஸ். நூறு ஆள் சுமக்கும் கல்லைச் சட்டை போட்ட இருபது பேர் சுமக்கும் காலத்திலும், சட்டை போட்டவர்களின் உயிர் இந்த ஒட்டடை பிடித்த பெட்டியில்தான் இருந்தது. தவறிய முயற்சிகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. இரண்டு வருடத்தில் அவள் அதைத் திறந்ததே இல்லை. யாரும் திறக்கச் சொன்னதும் இல்லை.

001. மூன்று வரிகள். மூன்று மணி பன்னிரண்டு, பன்னிரண்டு, பதிமூன்று.

போதும். போதும். போதும்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் கணினியின் பதில்: சொல் தவறு. சொல் தவறு. சொல் தவறு.

தொழிலாளர் அட்டவணையைத் திறந்து 001-க்கு நேராக என்ன சொல் இருக்கிறது என்று பார்த்தாள். போதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு புள்ளி வித்தியாசமில்லை.

சோதனைப் படிவத்தைத் திறந்து, 001 என்று போட்டு, தன் விசைப்பலகையில் போதும் என்று அடித்தாள். "சொல் சரி." ரிப்பேர் ஷெட்டுக்கு ஓடி ஒரு பழைய மணிக்கட்டுத் திரையை வாங்கிவந்து சொருகினாள். அதே எண், அதே சொல். "சொல் தவறு."

கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்குமோ? வெட்டிப் பார்த்தாள். இல்லை. இரண்டு சொல்லும் ஒன்றுதானா என்று கணினியையே கேட்டாள். இல்லை என்றது. நீளத்தைக் கேட்டாள்.

திரையில் அடித்ததில் ஆறு துண்டு. பதிவேட்டில் இருந்தது ஏழு.

ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்து வரிசையாகப் போடச் சொன்னாள். திரையிலிருந்து வந்ததில் முதலில் ப, அடுத்து ஓகாரக் குறி முழுசாக ஒரே துண்டு. பதிவேட்டில் இருந்ததில் முதலில் ப, அடுத்து இரட்டைக் கொம்பு, அதற்கடுத்து கால் தனியாக. கண்ணுக்கு இரண்டும் போ. கணினிக்கு ஒன்று போ, இன்னொன்று கொம்பும் காலும் பிய்ந்து கிடக்கிற ஏதோ ஒன்று.

அந்தப் பதிவை அடித்தவள் அவள்தான்.

குவாரியில் ஜல்லி உடைத்த அவள் அம்மா, மகள் கை காய்க்கக்கூடாது என்று டவுனில் டைப்ரைட்டிங்குக்கு அனுப்பினாள். அங்கே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: கொம்பு முதல், எழுத்து அடுத்து, கால் கடைசி. மூன்று தட்டு. அந்தப் பழக்கத்திலேயே, சட்டை வந்த புதிதில், வரிசையில் நின்ற ஆட்களிடம் "ஒங்க சொல்லு என்னண்ணே?" என்று கேட்டுக் கேட்டு அவள் அடித்தாள்; கணினி கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டது, காலைத் தனியாகவே விட்டது. வேகமாக அடிக்கிறாள் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

ஒகரமும் ஓகாரமும் ஏறிய எழுத்து வருகிற சொற்களைத் தேடினாள். இருபத்துமூன்று பேர். அவர்களின் தவறிய முயற்சிகளைப் பார்த்தாள். நூற்றுக்கு மேல் வரிகள். ஒச்சப்பன் மட்டும் பத்தொன்பது.

ஒச்சப்பனின் சொல் கோழி. போன வருடம் அவன் வந்து இதே மேசை முன்னால் நின்றிருந்தான். "ஏத்தா, எஞ் சொல்லு எடுக்கவே மாட்டேங்குது." அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அண்ணே, கோளின்னு அடிச்சிருப்பீங்க. ழ போடணும், ழ. எழுத்துக் கூட்டத் தெரியாம வந்து மெஷினக் குத்தம் சொல்லக்கூடாது." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் அவன் வரவில்லை.

இப்போது வரிசையாகப் பார்த்தாள். கோழி. கோழி. கோழி. பத்தொன்பது தடவையும் ழ. ஒரு தடவைகூட அவன் தப்பாக அடிக்கவில்லை.

சரிபார்க்கும் கட்டளைகளையும் படித்தாள். திருத்த ஒரு வரி போதும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு சொல்லையும் ஒரே மாதிரி ஆக்கிவிட வேண்டும். படிக்கும்போது இன்னொரு கோளாறும் தெரிந்தது. சொல்லை ஒப்பிடும்போது அடித்தவன் யார் என்று கணினி பார்ப்பதே இல்லை. சொல் எந்தெந்த வரியில் இருக்கிறதோ, அந்தச் சட்டைகளை எல்லாம் நிறுத்துகிறது; முதலில் கிடைத்த பெயரைப் பலகையில் போடுகிறது. அதனால்தான் முருகா என்று சொல் வைத்திருந்த இருவரில் ஒருவன் அடித்தபோது இருவரும் நின்றார்கள். அடித்தவன் ஒருத்தன், பலகையில் ஏறி ஏச்சு வாங்கியவன் இன்னொருத்தன். குவாரியே வயிறு வலிக்கச் சிரித்தது. ஒரே சொல்லை இருவர் வைக்கக்கூடாது என்று வரதன் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். அத்தோடு சரி.

மணி பன்னிரண்டேகால். வரதனின் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், அவர் மறக்கல. மூணு தடவையும் சரியாத்தான் அடிச்சிருக்கார். நம்ம பதிவுதான் தப்பு."

வரதன் கண்ணாடியைக் கழற்றினார். கொம்பு, கால், ஆறு, ஏழு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்டிக்காரர், இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். பத்து நிமிஷத்துல திருத்திடுவேன்."

"திருத்தாதே."

"சார்?"

"திருத்துன தேதி அதுலயே பதிவாகும். நாளைக்கு வர்றவர் அதைத்தான் மொதல்ல பார்ப்பார். குறை இல்லாத எடத்துல எதுக்கும்மா திருத்தம்னு கேட்டா நீ என்ன சொல்லுவ? விசாரணை முடியட்டும். பத்து நாள்."

"ரெண்டு மணி ஷிஃப்டுல அந்த இருபத்துமூணு பேரும் சட்ட போடுவாங்க சார்."

"ரெண்டு வருஷமாப் போட்டாங்கல்ல?"

"நூறு தடவைக்கு மேல நிறுத்தப் பார்த்திருக்காங்க சார்! ஒரு தடவைகூட நிக்கல. வாயில்லாப் பூச்சிங்க, தங்களுக்குத்தான் எழுத்துத் தெரியலன்னு நெனச்சுப் பொறுத்துக்கிட்டாங்க."

"சத்தம் போடாத. அந்தப் பதிவை அடிச்சது யாரு? நானா? இன்ஸ்பெக்டர் என் பேரையா எழுதுவார்?" வரதன் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னையும் சேர்த்துத்தான் காப்பாத்துறேன். கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. பொத்தானைப் பிடுங்கியவன், துடிப்புப் பட்டையைக் கழற்றியவன், சரிபார்க்காமல் வாங்கிப் போட்டவன், எல்லோரும் அவளுடைய மூன்று தட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அவளோ காசிமாயனின் மறதிக்குப் பின்னால் ஒளிய வேண்டும். செத்தவனுக்குப் பின்னால் இத்தனை பேருக்கு இடம் இருந்தது.

மேசைக்குத் திரும்பினாள். திருத்தம் போட்டாலும் போடுவாள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். பதிவேடு மூடியிருந்தது. தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாள்.

"சொல் தவறு."

மறுபடி அடித்தாள். "சொல் தவறு." கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வரதன் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் முறை அவள் அடிக்கவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலை ஒட்டிய டீக்கடையில் இரண்டு மணி ஷிஃப்ட் ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். அங்கம்மாள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஒச்சப்பன் டீக்கிளாசோடு நின்றான். காசிமாயனோடு ஒரே தடத்தில் கல் சுமந்தவன்.

"ஒச்சண்ணே, ஒங்க சொல்லு கோழிதானே?"

"என்னத்தா, இன்னிக்கும் ழ பாடமா?" பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க. பத்தொம்போது தடவையும். தப்பு என்னோடது."

சிரிப்பு நின்றது. அவள் சொன்னாள். தரையில் குச்சியால் போ என்று எழுதி, கொம்பைக் காட்டி, காலைக் காட்டி, எது ஒன்றாக இருக்கிறது, எது பிய்ந்து கிடக்கிறது என்று சொன்னாள். காசிமாயனின் மூன்று வரிகளையும் சொன்னாள். வரதன் சொன்னதையும் சொன்னாள்.

ஒச்சப்பன் டீயைக் கீழே ஊற்றினான்.

"ஆடி மாசம் எனக்குப் பேதி. சட்டைக்குள்ளயே போச்சு. மூணு தடவ அடிச்சேன். நிக்கல. அப்படியே நாலு மணி நேரம் சுமந்தேன். வீட்டுல போயிக் கழுவுறப்ப எம் பொண்டாட்டிகிட்ட என்னா சொன்னேன் தெரியுமா? நான் படிக்காத முண்டம்டின்னு சொன்னேன்." அவன் குரல் உடைந்தது, உடைந்ததற்காகவே இன்னும் ஆத்திரப்பட்டான். "நீ தலையக்கூட நிமுத்தலயே, தாயி. மல்லிகா பெத்த புள்ளதான நீ? ஒங்காத்தாளும் நானும் ஒரே குழியில நின்னு கல்லு ஒடைச்சவங்க. நாற்காலில ஒக்காந்ததும் நாங்க ஒனக்குத் தற்குறியாயிட்டமா?"

"ஆமாண்ணே. அப்படித்தான் நெனச்சேன்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. கை ஓங்கியவன் எதிராளி விலகாததைப் பார்த்து நின்றதுபோல் நின்றான்.

"திட்டுறத அப்புறம் திட்டுங்க. இப்ப மணி ஒண்ணாச்சு. என்னால உள்ள போயித் திருத்த முடியாது, பூட்டிட்டாரு. ஆனா வாசக் கம்பத்துல இருக்கிற திரையில ஒங்க கார்ட வச்சு நீங்களே சொல்ல மாத்தலாம். யார் அனுமதியும் வேணாம், சட்டமே அப்படி. அந்தத் திரையும் ஒங்க மணிக்கட்டுத் திரையும் ஒரே சாதி. அதுல போட்டா இதுல எடுக்கும். அந்த இருபத்துமூணு பேரும் மாத்திட்டுப் போங்க. எந்தச் சொல்லா இருந்தாலும் சரி."

"எந்தச் சொல்லா இருந்தாலுமா?" ஒச்சப்பன் கேட்டான்.

"ஆமா."

"அந்த முருகா கூத்து நடந்துச்சுல்ல, ரெண்டு பயலும் நின்னாய்ங்களே. அதச் சரி பண்ணிட்டாய்ங்களா?"

"இல்ல."

"அப்ப இந்த ஷிஃப்டு நூத்திப் பதினெட்டுப் பேரும் ஒரே சொல்ல வச்சா?"

செவ்வந்தி அவனைப் பார்த்தாள். மனசுக்குள் அந்தக் கட்டளைகளை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாள். "எல்லாம் நிக்கும்" என்றாள்.

டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்தியிருந்தான்.

"பலகையில யாரு பேரு வரும்?" என்றான் ஒச்சப்பன்.

"வரிசையில மொதல்ல இருக்குற பேரு. சின்ன நம்பரு."

அங்கம்மாள் மரத்தடியிலிருந்து எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு கார்டை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் வேட்டியோடும் செருப்போடும் சேர்த்துக் கொடுத்தது. முதன்முதலில் இரும்புச் சட்டை போட்ட நாளில் மாலையோடு எடுத்த படம், அதன் கீழே 001.

"இது இன்னும் வேல செய்யுமாத்தா?"

விசாரணை முடியும்வரை 001-இல் யாரும் கை வைக்கக்கூடாது என்று வரதன் சொன்னது செவ்வந்திக்கு நினைவு வந்தது. "செய்யும்க்கா" என்றாள்.

"எனக்கு எழுதத் தெரியாது. நீ காட்டு, நான் அமுக்குறேன்."

கம்பத்துத் திரையில் அங்கம்மாளின் விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டது. போ, து, ம. புள்ளி வைக்க மறந்து, திரும்ப வைத்தாள். "சொல் மாற்றப்பட்டது" என்றது திரை. அவள் பின்னால் வரிசை நின்றது. ஒச்சப்பன் அடித்தான். அடுத்தவன் அடித்தான். சொல்லில் கோளாறே இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். கந்தன் என்று வைத்திருந்தவன், மீனா என்று வைத்திருந்தவன், குலசாமி பேரை வைத்திருந்தவன், எல்லோரும் அதை அழித்துவிட்டு இதை வைத்தார்கள். ஒருவன் மட்டும் தயங்கினான். "என் மக பேருய்யா" என்றான். "மக பேர வீட்டுல கூப்பிட்டுக்க. இங்கன இதப் போடு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நூற்றுப்பதினெட்டுச் சட்டைகளும் மூடிக்கொண்டு பள்ளத்தில் இறங்கின. செவ்வந்தியும் அங்கம்மாளும் வாசலில் நின்றார்கள். பள்ளம் இரைந்தது, கல்லும் இரும்பும் உரசும் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது.

மூன்று மணி பன்னிரண்டு வரைக்கும் ஒச்சப்பன் காத்திருந்தான்.

சத்தம் ஒரே வெட்டில் நின்றது. குனிந்தவை குனிந்தபடி, கல்லைத் தோளில் ஏற்றியவை ஏற்றியபடி, தடத்தில் கால் தூக்கியவை தூக்கியபடி, எல்லாச் சட்டைகளும் இறுகி நின்றன. முதுகுக் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. நின்ற சட்டையில்தான் கொக்கி திறக்கும். ஆட்கள் அவற்றிலிருந்து இறங்கி, வேர்வை வழிய, மேட்டில் ஏறி வந்தார்கள். கீழே வெறும் இரும்பு மட்டும் கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றது.

வரதன் ஆபீசிலிருந்து ஓடிவந்தார். "யாருய்யா நிறுத்துனது? எவன்யா அது? ஒருத்தன் நிறுத்துனா எல்லாம் எப்படிய்யா நிக்கும்?"

செவ்வந்தி ரவிக்கையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், "மறக்கவில்லை. பதிவை அடித்தது நான். நூறு முறைக்கு மேல் தவறியதைக் கம்பெனி பார்க்கவில்லை" என்று எழுதி, தன் பெயரையும் போட்டிருந்தாள். அதை அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பலகையைக் கை காட்டினாள்.

பெரிய எழுத்தில் எரிந்துகொண்டிருந்தது:

நிறுத்தியவர்: 001 காசிமாயன்.
சொல் சரி.
மீண்டும் இயக்க அவர் அனுமதி தேவை.

வரதன் பலகையையே பார்த்தார்.

ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அங்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கூப்பிடுங்க சார். அவரு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நாங்க இங்கனதான் இருப்போம்."